ஓட்டலில் தனியாகச் சாப்பிட்ட அம்மா

கண்ணு,

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். நீ குறுக்கே பேசினால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அப்புறம் "சரி சரி, உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லி நானே வைத்துவிடுவேன். உன் கல்யாணத்துக்கு அப்புறம் நம் பேச்செல்லாம் அப்படித்தான் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதை ஆபீஸில் வைத்துப் படிக்காதே. வீட்டில் நித்யா பக்கத்தில் இருக்கும்போது, ஒரு டீயைப் போட்டு வைத்துக்கொண்டு படி. நடுவில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு ஆறின பிறகு எடுத்துப் படி. ஆனால் முழுசாகப் படி. உன் அப்பா மாதிரி மேல் வரியையும் கீழ் வரியையும் பார்த்துவிட்டு "தெரியும், தெரியும்" என்று சொல்லாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். "சொல்லு கண்ணு" என்றேன். எடுத்த எடுப்பில் நீ, "ஏம்மா இப்படி என் மானத்த வாங்கறே? வீட்ல அரிசி இல்லியா, அடுப்பு இல்லியா?" என்று ஆரம்பித்தாய். ரோட்டோரம் ஒரு மூடின கடையின் நிழலில் நின்றுகொண்டேன். "எத்தன பேரு போன் பண்ணிக் கேக்கறாங்க தெரியுமா? அம்மாவ ஓட்டல் சோத்துக்கு வுட்டுட்டியான்றாங்க" என்றாய். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்துவிடு என்றாய். இல்லாவிட்டால் சமைத்துப் போட ஒரு ஆள் வைக்கிறேன் என்றாய். அதற்குள் உனக்கு வேறொரு போன் வந்தது, வைத்துவிட்டாய். நம்பமாட்டாய், எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அழுகை வந்தது. நீ திட்டியதற்காக இல்லை. அவ்வளவு பேசினாயே, நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக அழுதேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கேள். ஒரே ஒரு ஆளுக்குச் சமைப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒலக்கூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த காலமெல்லாம் ஒரு கூட்டத்துக்கே அரிசியும் பருப்பும் அளந்து போட்டவள் நான். உன் அப்பா போன பிறகு அரை டம்ளர் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு குக்கர் முன்னால் நிற்கிறேன், இதற்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று தெரியவில்லை. குழம்பு வைத்தால் மூன்று நாள் அதே குழம்பு. தேங்காய் உடைத்தால் ஒரு மூடி பிசுபிசுத்துப் போகிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி, "இன்னாம்மா, ஊருக்குப் போயிருந்தீங்களா? புக்கிங்கே வரலியே" என்று கேட்டான். ஆமாம்ப்பா, சென்னையில் பிள்ளை வீட்டில் இருந்தேன் என்று சொன்னேன். பொய் சொன்னேன். வீட்டிலேயேதான் இருந்தேன்.

மற்ற நாளெல்லாம் எப்படியோ கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைதான் கஷ்டம். தெரு முழுக்கக் கறிக்குழம்பு வாசனை. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடும், பிள்ளைகள் கத்தும், யார் வீட்டுக்கோ யாரோ விருந்தாளி வந்து பைக்கை நிறுத்துவார்கள். ஒரு ஆளுக்கு யார் கறி எடுப்பார்கள், சொல்லு. கதவைச் சாத்திக்கொண்டு டிவியைச் சத்தமாக வைப்பேன். நான் ஒன்றும் பார்க்கமாட்டேன், சத்தம் மட்டும் வேண்டும்.

அப்படி இருக்கும்போதுதான் உன் அப்பாவின் பென்ஷன் விஷயமாகப் பேங்குக்குப் போனேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை அவர்களுக்குக் காட்டவேண்டும் இல்லையா, அதற்காக. கைரேகை விழவில்லை, துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார்கள், மத்தியானம் ஆகிவிட்டது. ஒருவழியாக நான் உயிரோடு இருப்பதாக முடிவு செய்து அனுப்பினார்கள். வெளியே வந்தால் நல்ல பசி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டல் இருக்கிறதே, நீ காலேஜ் படிக்கும்போது பரோட்டா வாங்கி வருவாயே, அதற்குள் நுழைந்துவிட்டேன். இத்தனை வயதில் ஒரு ஓட்டலுக்குள் நான் தனியாகக் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உன் அப்பாவோடு போயிருக்கிறேன், உன்னோடு போயிருக்கிறேன், சாவுக்குப் போய்விட்டுத் திரும்பும் கூட்டத்தோடு போயிருக்கிறேன். தனியாகப் போனதில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு, என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்கள்.

சப்ளையர் ஒருவர், என் வயது இருக்கும், "லேடீஸ்லாம் உள்ள ஃபேமிலி ரூம்ல உக்காருங்கம்மா" என்றார். எட்டிப் பார்த்தேன். திரை போட்ட ஒரு சின்ன அறை, ஃபேன் ஓடவில்லை, ஒரு ஈ குஞ்சுகூட இல்லை. ஆள் இல்லாத அறையில் உட்காருவதற்கு என் வீடு போதாதா? "இங்கியே உக்காந்துக்கறேம்ப்பா, காத்து வருது" என்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். "இன்னா சாப்புடறீங்க?" என்றார். "எது இருக்குதோ அத குடுப்பா" என்றேன். "எல்லாம் இருக்குதும்மா. நீங்கதான் சொல்லணும்" என்றார்.  உன் அப்பாவுக்கு இட்லிக்குக் கடலை வறுத்து அரைத்த மல்லாட்டைச் சட்னிதான் வேண்டும். உனக்குப் பூரி, அதுவும் கிழங்கு தனியாக. நித்யாவுக்குக் காரம் ஆகாது. எல்லாருக்கும் என்ன பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று அந்த ஆள் நின்று கேட்கிறார், எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பாத்திரத்தில் எது மிச்சமோ அதுதான் எனக்குப் பிடித்தது என்று வாழ்ந்துவிட்டேன் போல. அவர் அவசரப்படுத்தவில்லை. பக்கத்து மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி வந்தார். "வெங்காய ரவா தோசை" என்றேன். "லேட்டாவும், பரவால்லியா?" என்றார். "ஜல்தி ஒண்ணும் இல்ல. எனக்கு இன்னா வேல" என்றேன்.

அந்தத் தோசை வருவதற்குள் வாசலை நாலு தடவை பார்த்துவிட்டேன். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒரு பதில் தயார் செய்தேன், அதையே இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன், டாக்டர் சொன்னார் என்று சேர்க்கலாமா என்று யோசித்தேன். தோசை வந்தது. ஓரமெல்லாம் முறுகலாக, நடுவில் மெத்தென்று, சுடச்சுட. யாருக்கும் எடுத்து வைக்காமல், நடுவில் எழுந்திருக்காமல், கடைசி விள்ளல் வரை உட்கார்ந்து சாப்பிட்டேன். வெளியே வந்தபோது வயிறு நிறைந்தது மாதிரிதான் மனசும் நிறைந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளித்து, இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு அங்கே போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். இப்போது அந்த ஆள் என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கத்து மேசையைத் துடைத்துவிடுகிறார்.

இனிமேல் நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். பாதிதான் தெரியும். நம் சொந்தத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், போன ஞாயிறு அங்கே பார்சல் வாங்க வந்திருக்கிறார். என்னிடம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தூரத்தில் நின்று போட்டோ எடுத்து, நம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். "பெரியம்மா ஓட்டல்ல தனியா சாப்டறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு" என்று கீழே எழுதி, கும்பிடுகிற கை வேறு. உடனே ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருத்தி அழுகிற பொம்மை போட்டாள். ஒருவர், பெற்றவர்களைக் கவனிக்காத பிள்ளைகளைப் பற்றி நீளமாக ஏதோ அனுப்பினார். வீட்டில் சமைக்க முடியாத அளவு உடம்பு முடியவில்லையா என்று ஒருவர் கேட்க, தலை கொஞ்சம் சரியில்லை என்று கேள்விப்பட்டேன் என்று இன்னொருவர் பதில் சொன்னார். அந்தக் குரூப்பில் நானும் இருக்கிறேன் என்பது ஒருத்தருக்கும் நினைவில்லை! நான் ஓட்டலிலேயே காபி குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் படித்து முடித்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "தோசை நல்லா இருந்தது" என்று தட்டிப் போட்டேன். அதோடு குரூப் கப்சிப். இரண்டு பேர் அனுப்பியதை அழித்தார்கள்.

அந்தப் போட்டோவை நான் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன் தெரியுமா? நீ கோபத்தில் சரியாகப் பார்த்திருக்கமாட்டாய், இன்னொரு தடவை பார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிறது. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். நம் வீட்டு ஆல்பத்தில் நான் இருக்கிற படங்களை யோசித்துப் பார். எல்லாவற்றிலும் ஓரமாக நிற்பேன், இல்லையென்றால் கையில் தட்டோ குழந்தையோ இருக்கும், பாதி முகம் யாருடைய தோளுக்குப் பின்னாலோ இருக்கும். நடுவில் நான் மட்டும் இருக்கிற படம் இது ஒன்றுதான். பாவம் என்று எல்லாரும் சொன்ன அந்தப் படத்தில் நான் நன்றாக இருக்கிறேன். இதை நானே என்னைப் பற்றிச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

புதன்கிழமை விழுப்புரத்திலிருந்து உன் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்களைப் பார்க்க வருவதுபோல ஆப்பிள், சாத்துக்குடி, சத்துமாவு டப்பா எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சித்தப்பா சோபாவின் நுனியில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார். சித்தி நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாக்கா கொற ஒனக்கு? எங்கள ஒரு வார்த்த கேட்டா சோறு போட மாட்டமா?" என்றாள்.

"ஒரு கொறயும் இல்லம்மா. பசிக்குது, போறேன்."

"அண்ணி, ஊரு இன்னா சொல்லும்னு பாக்க வேணாமா?" என்றார் சித்தப்பா. "பையன் கைநிறைய சம்பாதிக்கறான். அவனுக்குத்தான் கெட்ட பேரு. ஒரே பேஜாராப் போச்சி, போன் மேல போனு."

"ஊரு ஒண்ணும் சொல்லலியே தம்பி. சட்னி வெக்கட்டுமான்னு மட்டும் கேட்டாங்க."

 அவர் தண்ணீர் கேட்டார். இதுவரைக்கும்தான் அவர் உனக்குப் போனில் சொல்லியிருப்பார், அண்ணி பிடிகொடுத்துப் பேசவில்லை என்று. அதற்கப்புறம் சமையலறையில் நடந்தது அவருக்கே தெரியாது. நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். சித்தி உள்ளே வந்து, ஹாலைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்: "நல்லா இருக்குமாக்கா அந்த ஓட்டலு?" நன்றாக இருக்கும் என்றேன். "சின்னவ கல்யாண வேலயெல்லாம் முடிஞ்சதும் என்னயும் ஒருநா கூட்டிக்கினு போறியா? அவருகிட்ட பேங்குக்குப் போறன்னு சொல்லிக்கறேன்" என்றாள். அதுவரை அவள்மேல் இருந்த எரிச்சலெல்லாம் எனக்குப் போய்விட்டது. ஊர் ஊர் என்கிறோமே, அந்த ஊருக்குள் போய்ப் பார்த்தால் இப்படித் தணிந்த குரலில் பேசுகிறவர்கள்தான் பாதிப் பேர் இருக்கிறார்கள்.

இப்போது உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் கீழே விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்தது, படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார் என்பது உனக்குத் தெரியும். எப்படி விழுந்தார் என்று உனக்கு நான் சொன்னதில்லை, சொல்லவேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். சர்க்கரையில் அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. டாக்டர் கைத்தடி வைத்துக்கொள்ளச் சொன்னார், நானும் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குள் அதைப் பிடித்துக்கொண்டு நன்றாக நடப்பார். வெளியே கிளம்பினால் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுப் போவார். "கண்டக்டரா ஓடற பஸ்ல நின்னுக்கினே டிக்கெட் குடுத்தவன். தடி ஊணிக்கினு போனா பாக்கறவன் இன்னா நெனைப்பான்?" என்பார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒருநாள் தடியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனேன். யாரோ வருகிறார்கள் என்று என்னை முறைத்து அனுப்பிவிட்டார். அப்படி ஒருநாள்தான் மார்க்கெட் பக்கம், நடைபாதைக் கல் பெயர்ந்த இடத்தில் விழுந்தார்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஒரு தடி வெச்சிக்கினு போயிருக்கலாமே" என்றார்கள். எவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று அவர் பயந்தாரோ அவர்கள்தான் சொன்னார்கள். அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. சொல்லிவிட்டு, சாத்துக்குடியை வைத்துவிட்டு, பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். உன் அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனுஷன் ஆயுசு முழுக்க யாருக்குப் பயந்தாரோ அவர்கள் யாரும் அவரைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கவில்லை. அவர்களுக்கு அவரவர் முழங்கால் வலி, அவரவர் பிள்ளை கவலை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்தக் கைத்தடி இப்போதும் நம் வீட்டில்தான் இருக்கிறது, தேய்மானம் இல்லாமல்.

உன்னைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பயம் வருகிறது கண்ணு. உன் சித்தப்பா வீட்டு வளைகாப்புக்குப் பிறகு நீ ஊர்ப்பக்கம் வரவே இல்லை. தீபாவளிக்கு வேலை என்றாய். பொங்கலுக்கு லீவு இல்லை என்றாய். உன் அப்பா திவசத்துக்குக்கூடச் சென்னையிலேயே கோயிலில் கொடுத்துவிட்டேன் என்றாய். வேலைதான் காரணம் என்று நீ சொன்னால் நான் நம்புவேன் என்று நினைக்கிறாய் பார், அதுதான் எனக்குச் சிரிப்பு. அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவின் பெரிய பெண்ணுக்கு வளையல் போட்டு முடித்து எழுப்பினார்கள். அவள் எழுந்த அதே மணையில் நித்யாவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அப்படிச் செய்தால் அடுத்து அவளுக்கும் விசேஷம் வரும் என்பது நம்பிக்கை, காலங்காலமாகச் செய்கிறார்கள், கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. ஆனால் கூடியிருந்த சனம் எல்லாம் திரும்பி அவளையும் உன்னையும் பார்த்தது. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று ஒருத்தி விரல் விட்டு எண்ணினாள். நீ சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டாய்.

நித்யா எனக்குப் போன் செய்கிறாள் என்று உனக்குத் தெரியாதா? ஆபீஸ் விட்டு ரயிலில் வரும்போது பேசுவாள். அவளிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன், அன்றைக்கு உனக்கு ரொம்ப வருத்தமா என்று. "அன்னிக்கி ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சி அத்த. பாத்ரூம்ல போயி அழுதேன். ஆனா வளையல் நல்லாருந்திச்சி, நான் பாட்டுக்கு ஒடையற வரைக்கும் போட்டுக்கினு இருந்தேன். அவருதான் இன்னும் அந்த மணையிலியே உக்காந்துக்கினு இருக்காரு" என்றாள். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. நீ அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கு வராமல் இருக்கிறாய். அவள் எழுந்து எப்போதோ போய்விட்டாள். நீங்கள் எந்த டாக்டரிடம் போகிறீர்கள், என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். குழந்தை பிறந்தால் தூக்கிக் கொஞ்சுவேன். பிறக்காவிட்டால் நீ என் பிள்ளை இல்லாமல் போய்விடுவாயா? நித்யா என் மருமகள் இல்லாமல் போய்விடுவாளா? நீ ஒரு குழந்தைக்கு அப்பன் ஆனால்தான் முழு ஆள் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தலைக்குள் இருக்கிற விஷயம். அதை நீ ஏன் சென்னை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாய்?

நீ இப்படிப் பிறக்கவில்லை. உனக்கு ஆறு வயதில், உன் ஸ்கூலுக்கு மட்டும் லீவு விடுகிற நாளில் உன்னை ஒலக்கூர் பள்ளிக்கூடத்துக்கு என்னோடு அழைத்துப் போவேன். சாப்பாட்டு நேரத்தில் நீ பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்துவிடுவாய். அங்கே இருந்த ஹெட்மாஸ்டர், "ஏம்மா, பாக்கறவங்க தப்பா பேசுவாங்க. ஒங்க பையன ஆபீஸ் ரூம்ல உக்கார வெச்சிக் குடுங்க, டேபிள் இருக்குது" என்றார். உன்னைக் கையைப் பிடித்து இழுத்தேன். நீ வரவில்லை. "அங்க யாருமே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு முட்டையை உரிக்க ஆரம்பித்தாய். அவர் சொன்ன தப்பு உனக்குப் புரியவே இல்லை. யார் பார்க்கிறார்கள் என்று உனக்கு அப்போது தெரியாது. உனக்கு வேண்டியது எதுவோ அது மட்டும்தான் தெரியும். அந்தப் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் ஏதோ பெரிய தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஓட்டல் படி ஏறும்போது கால் தயங்கத்தான் செய்கிறது. "தலை சரியில்லை" என்று ஒருவர் எழுதினாரே, அது முள்ளாகக் குத்தியது, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் போகிறேன். நீ சென்னைக்கு வரச் சொல்வதும் அன்பினால்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வரமாட்டேன். போன வருஷம் உங்களோடு இருந்தேனே, நீங்கள் இரண்டு பேரும் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறீர்கள். அங்கே நான் பூட்டிய கதவுக்குள் தனியாக இருப்பேன், இங்கே திறந்த கதவுக்குள் தனியாக இருக்கிறேன். சமையலுக்கு ஆளும் வேண்டாம். யாரோ என்னவோ சொன்னார்கள் என்பதற்காக என் வீட்டில் ஒருத்தியைக் கொண்டுவந்து வைக்காதே. எனக்கு முடியாமல் போகும்போது நானே சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். ஊர் பேச்சுக்குப் பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொண்டால் தனிமையும் போய்விடும் என்று நான் நினைத்தேன். போகவில்லை. பயம் குறைந்துவிட்டது, தனிமை அப்படியே இருக்கிறது. முன்னால் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்ததால் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மனுஷர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு இனிமேல் வேண்டாம். ஆனால் மனுஷர்கள் வேண்டும். நீ அதை மாற்றிச் செய்துகொண்டிருக்கிறாய். மனுஷர்களை விட்டுவிட்டாய், அவர்கள் நினைப்பதை மட்டும் கூடவே வைத்திருக்கிறாய். அங்கே யாருமே இல்லாத அறையில் போய் உட்கார்ந்துவிட்டாய்.

வருகிற மாசம் உன் சித்தப்பாவின் சின்னப் பெண்ணுக்கு விழுப்புரத்தில் கல்யாணம். அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லை. பொரி போடுவதற்கு அண்ணன் முறைக்கு நீதான் நிற்கவேண்டும். உன்னிடம் கேட்டாளாம், ஆபீஸில் ஆடிட் இருக்கிறது என்று சொன்னாயாம். "பெரிம்மா, அண்ணன் வரலன்னா வேற யாரயாவது நிக்க வெச்சிடுவாங்க. எனக்கு வேற யாரும் வேணாம்" என்று அந்தப் பெண் என்னிடம் அழுதாள். நீ போனால் கேட்பார்கள். மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்திலேயே கேட்பார்கள், ஏதாவது விசேஷம் உண்டா என்று. பந்தியில் கேட்பார்கள். கேட்காதே என்று யார் வாயையும் நான் மூட முடியாது. "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிடு. அவர்கள் அடுத்த பதார்த்தம் வருவதற்குள் மறந்துவிடுவார்கள்.

உன் கூடப் பிறக்காத தங்கைக்காக வா என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அண்ணன் வராவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று எழுதினால் நீ கட்டாயம் வந்துவிடுவாய் என்றும் எனக்குத் தெரியும். உனக்கு அந்த ஒரு காரணம் போதும். அதனால்தான் அதை எழுதவில்லை. யாருக்காகவும் வரவேண்டாம். அந்த மண்டபத்துக்கு வர மனசில்லை என்றால் அங்கே வராமல் இரு, நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு வா. உன்னை இங்கே பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஒவ்வொரு போனிலும் சொன்னேன். நீ நிம்மதியாக இருக்கவேண்டும் என்று சொன்னேன். நான் நன்றாக இல்லை கண்ணு. எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும்.

உன் அம்மா